பட்டாளத்துப் பூட்டனைத் தேடுவது: லயத்திலா, கொழும்பிலா, லண்டனிலா, ஊரிலா?

"எங்கள் பாட்டன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர்" என்று சொல்லும் குடும்பங்கள் இலங்கை மலையகத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம். மேலே விசாரித்தால் ஒரு பதக்கம், மங்கிப்போன ஒரு படம், அதுவும் இல்லையென்றால் "பட்டாளத்தார் வீடு" என்ற பட்டப்பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். இப்போது பிள்ளைகள் படித்துவிட்டார்கள், கையில் போன் இருக்கிறது, கொஞ்சம் காசும் இருக்கிறது, அந்த மனிதர் யார், எங்கே போய் என்ன பாடுபட்டார் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை வருகிறது. ஆசை வந்ததும் முதலில் கேட்பது ஒன்றுதான்: லண்டனில் காசு கட்டினால் ஆவணம் தேடித் தருகிறார்களாமே, கட்டிவிடலாமா?

முதலில் அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். துரைமார் குடும்பங்களுக்கு லண்டன்தான் சரியான இடம், ஏனென்றால் அவர்கள் ஆட்களை அதிகாரிகளாகவும் தோட்டச் சொந்தக்காரர்களாகவும் எழுதிவைத்த காகிதங்கள் அங்கே இருக்கின்றன. நம் ஆட்களின் பெயர் எழுதப்பட்டது வேறு காரணங்களுக்காக, வேறு காகிதங்களில். கூலிக் கணக்கில், பிறப்புப் பதிவில், பென்சன் தாளில், பிரஜாவுரிமை விண்ணப்பத்தில். சிப்பாயைத் தேடுகிறோம் என்பதற்காகப் பட்டாளத்துக் காகிதத்தையே துரத்தினால் காசும் காலமும் போகும்.

சரி, எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பட்டாளம்? "வெள்ளைக்காரன் பட்டாளம்" என்று ஒன்று இருந்ததில்லை, பல இருந்தன, ஒவ்வொன்றின் காகிதமும் ஒவ்வொரு நாட்டில் கிடக்கிறது. 1803இல் கண்டிக்குப் போய் அழிந்த ஆங்கிலேயப் படையிலும், 1815இல் கண்டியைப் பிடித்த படையிலும், 1817-18 ஊவாக் கிளர்ச்சியை அடக்க வந்த படையிலும் தென்னிந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். கோப்பித் தோட்டம் வருவதற்கு முன்பே தமிழ்ச் சிப்பாய் மலைக்கு வந்துவிட்டான். இலங்கையிலேயே வைத்திருந்த ரெஜிமெண்டுகள், பிறகு 1870களில் கலைக்கப்பட்ட சிலோன் ரைபிள் ரெஜிமெண்ட், இவையெல்லாம் பிரித்தானிய அரசின் நேரடிப் படைகள். கடுகண்ணாவைச் சாலையும் இறம்பொடைக் கணவாயும் வெட்டிய பயனியர் படை இன்னொன்று. தோமஸ் ஸ்கின்னரின் பெயரைச் சாலை வரலாற்றில் எல்லாரும் சொல்வார்கள், அவருக்குக் கீழே பாறையை உடைத்த பயனியர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள், இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள், ஆனால் சம்பளம் கொடுத்தது இலங்கை அரசாங்கம்.

அப்புறம் 1881இல் தொடங்கிய சிலோன் லைட் இன்பன்ட்ரி. 1900இல் தொடங்கிய, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பிளான்டர்ஸ் ரைபிள் கோர். இந்தக் கடைசிப் பெயரில் கவனமாக இருங்கள். அது வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் தொண்டர் படை. "துரையோடு பட்டாளத்துக்குப் போனார்" என்று வீட்டுக்கதை இருந்தால், பூட்டன் அந்தப் படையின் சிப்பாயாக இருந்திருக்க முடியாது. குதிரைக்காரராகவோ சமையல்காரராகவோ கூடப் போயிருக்கலாம். அப்படிப் போனவர்கள் பட்ட கஷ்டம் குறைவில்லை, ஆனால் அவர்களைச் சிப்பாய்ப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

இன்னொரு பக்கம் இந்தியப் படை. முதலாம் உலகப்போரில் தமிழர்கள் இருந்த பிரிவுகள்: 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி, கர்நாடிக் என்று பெயர் வைத்திருந்த பல இன்பன்ட்ரிகள், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை, இவற்றோடு கூலிப்படைகளும் சுமைகாரர் படைகளும். பாளையங்கோட்டைக்காரர்கள் 1914இல் கிழக்கு ஆபிரிக்காவின் டாங்காவில் இறக்கப்பட்டார்கள், மற்றவர்கள் பலர் மெசப்பொத்தேமியாவுக்குப் போனார்கள். இரண்டாம் உலகப்போரில் புதிதாக எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட், இந்தியப் பயனியர் படை, இலங்கைப் பக்கம் சிலோன் பயனியர் படை, கரிசன் ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப்படை. 1944இல் மௌன்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தபோது கண்டி முழுக்கக் காக்கிச் சட்டையாக இருந்தது, அந்தக் காம்புகளில் கூலிக்கு வேலை செய்தவர்களும் பின்னாளில் "பட்டாளத்தில் இருந்தேன்" என்றுதான் சொன்னார்கள். பொய்யாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு அது பட்டாளம்தான்.

இதைத் தீர்ப்பதற்குக் கணக்கு ஒன்று போடலாம். உங்கள் அப்பா பிறந்த ஆண்டிலிருந்து தலைமுறைக்கு இருபத்தைந்து, முப்பது என்று பின்னோக்கிக் கழியுங்கள். பூட்டன் 1914இல் இருபது வயதுக்காரரா, ஐம்பது வயதுக்காரரா என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். கதைக்குள் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களும் உதவும். "தியத்தலாவையில் வெள்ளைக்காரக் கைதிகளைப் பார்த்தார்" என்று யாராவது சொன்னால் அது போயர் யுத்தக் கைதிகளாக இருக்கலாம், சுமார் 5000 பேரை 1900 தொடக்கம் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் அப்பாயி ஒப்பாரி வைக்கும்போது "பசரா" என்று ஒரு பேரை இழுத்துப் பாடுவார், அது பதுளைப் பக்கத்துப் பசறை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பட்டாளத்துப் பூட்டனுக்கு 1914இல் இருபதை ஒட்டிய வயது என்று கணக்குப் போட்ட பிறகுதான் அது ஈராக்கின் பஸ்ராவாக இருக்க வேண்டும் என்று புரிந்தது.

வீட்டுக்குள் இருப்பது

வீட்டில் கேட்பது, டிரங்குப்பெட்டியைக் கிளறுவது. இதற்குக் காசு இல்லை, ஆனால் இதற்கு மட்டும்தான் காலக்கெடு இருக்கிறது. ஆவணக்காப்பகம் அடுத்த வருடமும் இருக்கும், எண்பத்தைந்து வயது அத்தை இருப்பாரா?

கேட்கும் முறை முக்கியம். "எந்த ரெஜிமெண்ட்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தெரியாததைக் கேட்டுவிட்டோம் என்று அவர்களும் சுருங்கிப்போவார்கள். பென்சன் வந்ததா, வந்தால் எங்கே போய் வாங்கினார், அரசாங்கக் கச்சேரியிலா தபால் கந்தோரிலா ஊருக்குப் போய்த்தானா என்று கேளுங்கள். தோட்டத்துக்கு வந்த பிறகு பட்டாளத்துக்குப் போனாரா, பட்டாளத்திலிருந்து விலகித் தோட்டத்துக்கு வந்தாரா என்று கேளுங்கள். எந்தக் கங்காணியின் ஆள், அந்தக் கங்காணிக்கு ஊர் எது? திருவிழாவுக்கு என்ன உடுத்துவார்? சாமி எது, யாருக்குக் கிடா வெட்டினார்கள்? கடைசிக் கேள்வி பட்டாளத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும், தேடலில் பெரிய திருப்பம் அங்கேதான் வருகிறது, பிறகு சொல்கிறேன்.

பதக்கம் இருந்தால் அதன் முகத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் விளிம்பைப் பாருங்கள். முதலாம் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பிரித்தானியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் கிடையாது, இந்தியப் படைக்காரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு, ஆகவே பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு தடயம். தயவுசெய்து பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், பல வீடுகளில் தீபாவளிக்குத் தீபாவளி பக்தியோடு தேய்த்துத் தேய்த்து விளிம்பு வழுவழுவென்று ஆகிவிட்டது. சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள், அல்லது மெல்லிய தாளைச் சுற்றிப் பென்சிலால் உரசிப் பாருங்கள். வெள்ளிப் பதக்கம் கஷ்டகாலத்தில் அடகுக்குப் போய் திரும்பாமலே இருந்திருக்கலாம், அப்படியென்றால் பழைய படத்தில் அவர் நெஞ்சிலும் தோளிலும் என்ன இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள், தோள்பட்டையில் பித்தளை எழுத்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. படத்தின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையையும் விடாதீர்கள்.

இந்த வழியின் பலவீனம் நம் வரலாற்றோடு சேர்ந்தது. 1977லும் 1981லும் 1983லும் லயங்கள் எரிந்தபோது டிரங்குப்பெட்டிகளும் எரிந்தன. இந்தியாவுக்குப் போன சித்தப்பா குடும்பம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதனால் "எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் நீலகிரியிலும் கோத்தகிரியிலும் இருக்கும் சொந்தங்களையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இலங்கைக் காகிதங்கள்: பட்டாளத்துக்கு அல்ல, குடியுரிமைக்காக எழுதியவை

என் மனதில் முதலிடம் இதற்குத்தான். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கேட்டு 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போட்டார்கள் நம் பெரியவர்கள், கொடுத்த காலம் இரண்டே வருடம், 1951 ஆகஸ்டோடு கதவு மூடியது. அந்த விண்ணப்பத்துக்கு 1946 ஜனவரி 1க்கு முந்திய காலத்தில், திருமணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்காகத் தோட்டத்துரையிடம் கடிதம், செக்ரோல் என்ற தோட்டத்துக் கூலிப்பதிவின் பிரதி, பிறந்த இடம், தகப்பன் பெயர், மனைவி பிள்ளைகளின் விவரம் என்று வாழ்க்கை முழுவதையும் அடுக்கினார்கள். யுத்தகாலத்தில் வெளிநாட்டில் இருந்தவர் என்றால் அந்த இடைவெளிக்குக் காரணம் காட்டியாக வேண்டும், அதற்குப் பட்டாளத்து விடுவிப்புத் தாளைவிட வேறு என்ன ஆதாரம் இருக்கும்? ஆகவே பூட்டன் இரண்டாம் உலகப்போர்க்காரராக இருந்தால், பட்டாளத்துக் காகிதத்தின் பிரதி பிரஜாவுரிமைக் கட்டுக்குள் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. முதலாம் உலகப்போர்க்காரராக இருந்தால்கூட அவருடைய மகனோ மகளோ போட்ட விண்ணப்பத்தில் அவர் பெயரும் ஊரும் வந்திருக்கும்.

நம் வீடுகளில் வேறு எது தொலைந்தாலும் அந்தத் தாளைத் தொலைக்கவில்லை. 2003இல் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வரும்வரை அது இல்லாமல் வாழமுடியாது என்ற பயம் இருந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்ட காலத்தில் எடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டும் அப்படித்தான், அதில் இருக்கும் ஊர்ப்பெயரைப் படியுங்கள். ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றும் ஒரே தாளில் கிடைத்தால் அது பதக்கத்தைவிடப் பெரிய சொத்து.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அப்படியே. நம் நாட்டுப் பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம், பூட்டனாருக்கும் அதேபோல ஒரு கட்டம் இருக்கிறதே, அது 1948 சட்டத்தின் தழும்பு. நம் பத்திரங்களில் அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எழுதியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெறுமையாக இருந்தால் மூத்தவர்களின் பத்திரங்களில் தகப்பனின் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு எடுக்கலாம். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் நாட்கணக்கில் தேடவைப்பார்கள், ஆகவே வீட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் போவது நல்லது.

தோட்டத்துச் செக்ரோலைப் பற்றி அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் கம்பனிகளுக்கு நிர்வாகம் கைமாறியது, ஒவ்வொரு தடவையும் பழைய புத்தகங்கள் ஸ்டோருக்குப் போய்க் கரையான் தின்றது. சில தோட்டங்களில் கிளாக்கர்மார் அக்கறையாக வைத்திருக்கிறார்கள், கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போவது பயனியர் படைக்காரர்களின் வாரிசுகளுக்கும், 19ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்களின் வாரிசுகளுக்கும் சரியான முடிவு, ஏனென்றால் ஆங்கிலேயர் ஆட்சியின் அரசாங்கக் கடிதங்களும் வர்த்தமானிகளும் கச்சேரி நாட்குறிப்புகளும் அங்கேதான். பெயரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எந்த ஆண்டு எந்தச் சாலையில் எந்தக் கூட்டம் வேலை செய்தது, எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள் என்ற மாதிரி விஷயங்களை எதிர்பார்த்துப் போனால் வெறுங்கையோடு வரமாட்டீர்கள். கொழும்புக்கு அலைய முடியாதவர்கள் முதலில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்து இலங்கைத் தொகுப்பில் பெர்குசன் டைரக்டரியைப் பார்க்கலாம், எந்தத் தோட்டம் எந்த ஆண்டில் யார் கையில் இருந்தது, துரை யார் என்பது அதில் வருடாவருடம் இருக்கிறது. நாம் தமிழில் ஒரு பெயர் சொல்வோம், காகிதத்தில் தோட்டத்தின் பெயர் வேறாக இருக்கும், இரண்டையும் பொருத்தாமல் எந்த அலுவலகத்துக்கும் கடிதம் எழுத முடியாது.

போனிலேயே முடிவது

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம் இலவசம், வீட்டிலிருந்தே தேடலாம், ஆகவே இதை எல்லாரும் செய்யலாம். ஆனால் அதில் இருப்பவர்கள் போரில் இறந்தவர்கள் மட்டும்: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, அப்புறம் 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. உயிரோடு திரும்பி வந்து தோட்டத்தில் கிழவராகிச் செத்தவர் அதில் இருக்கமாட்டார். திரும்பிவராத அண்ணன் தம்பி யாராவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள், கூடப்பிறந்தவரின் பதிவிலேயே உங்கள் ஊர் இருக்கலாம், ஏனென்றால் இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் தகப்பன் பெயர், மனைவி பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் உண்டு.

பெயரைப் போட்டுத் தேடுவதைவிட அந்தக் கூடுதல் விவரப் பகுதியில் ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடுவது நல்லது. ஆங்கிலேயக் கிளார்க் காதில் விழுந்ததை எழுதினான். கருப்பையா கரூப்பன் ஆவார், முத்துசாமி மூட்டுசாமி ஆவார், பெருமாள் பேருமல் ஆவார், தகப்பன் பெயர் முன்னால் வந்து பூட்டன் தன் தகப்பனின் பெயரிலேயே ஆவணத்தில் நின்றுகொண்டிருப்பார். மாவட்டங்களுக்கும் பழைய பெயர்கள்: திருச்சினாப்பள்ளி, ராம்நாட், டின்னவெல்லி, டாஞ்சூர்.

பெயர் கிடைக்கவில்லை என்றால் அவர் போகவில்லை என்று அர்த்தமில்லை. இந்த ஆணையமே 2021இல் ஒரு அறிக்கையில் ஒப்புக்கொண்டது: முதலாம் உலகப்போரில் இறந்த கிழக்கு ஆபிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்டவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கண்டி யுத்தக் கல்லறைக்குப் போனால் ஆங்கிலேயர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரிக் கல்லின் கீழ் கிடக்கிறார்கள், அது இரண்டாம் போர். முதல் போரில் கூலிப்படைக்காரனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. தகனம் செய்யப்பட்ட இந்துச் சிப்பாய்களுக்குக் கல்லறை இருக்காது, நினைவுச்சுவரில் பெயராகத்தான் இருப்பார்கள், பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களுக்கு ரங்கூன் நினைவகம் அப்படி ஒன்று. ஆகவே கல்லறையை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள்.

டிஎன்ஏ சோதனை விளம்பரங்களையும் பார்த்திருப்பீர்கள். ரெஜிமெண்ட் எது என்று இரத்தம் சொல்லாது, அந்தக் காசை வேறு வழிக்கு வையுங்கள். வெளிநாட்டு வம்சாவளித் தளங்களில் இலங்கைக்கென்று இருப்பதில் பெரும்பகுதி ஒல்லாந்துத் தேவாலயப் பதிவுகள், ஐரோப்பியக் குடும்பங்கள். நம் ஆட்களில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் தங்கள் கோவில் பங்குத்தந்தையிடமே கேட்பது மேல்.

லண்டனா, வெலிங்டனா?

இரண்டுமே பட்டாளத்துக் காகிதத்தைத் தேடும் வழி. இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்க்குத் தகப்பன் பெயர், சாதி, ஊர், தாலுகா, உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதிய ஷீட் ரோல் என்ற தாள் இருந்தது. அது லண்டனுக்குப் போகவே இல்லை, ரெஜிமெண்ட் கையிலேயே இருந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் குன்னூர் வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் பெங்களூரில். அங்கே எழுதுவதற்கு முன்னால்தான் அந்தப் பென்சன் கேள்விக்குப் பதில் வேண்டும். பென்சன் வாங்காதவர்களின் தாள்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது இந்திய இராணுவத்தின் விதி. பென்சன்காரர் என்றால் ஒரு கடிதம் எழுதுங்கள், இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் குறிப்பிட்டு. பென்சன் இல்லாதவர் என்றால் "அழிக்கப்பட்டுவிட்டது" என்ற பதிலுக்குத் தயாராகவே எழுதுங்கள். பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி 1922இலேயே கலைக்கப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இலங்கைப் படைக்காரர்களுக்கு நிலைமை வேறு. சிலோன் லைட் இன்பன்ட்ரியின் வாரிசு இன்றைய இலங்கை இலகு காலாட்படை, பனாகொடையில் இருக்கிறது. கடிதம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ போனால் விரைவாக நகரும் என்பது என் எண்ணம், யாராவது ஆசிரியரைப் பிடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

லண்டனில் என்ன இருக்கிறது? கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு வந்துசேருமுன்பே, பிரித்தானியச் சிப்பாய்களின் முதலாம் போர்த் தாள்களிலேயே பாதிக்கு மேல் 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோயின. இந்தியச் சிப்பாய்களின் தாள்கள் அங்கே இருந்ததே இல்லை. பிரித்தானிய நூலகத்தின் இந்தியா ஒபிஸ் ஆவணங்களில் படைப்பிரிவுகளைப் பற்றி நிறைய இருக்கிறது, அதிகாரிகளைப் பற்றி இன்னும் நிறைய, சாதாரண ஆளைப் பற்றிக் கொஞ்சம்தான். 2023 அக்டோபர் இணையத் தாக்குதலால் அந்த நூலகம் நீண்டகாலம் முடங்கியது. இதற்காக மணிக்கணக்கில் பவுண்ட் கொடுத்து ஆள் வைப்பது, பெயரும் படைப்பிரிவும் தெரியாத நிலையில், காசை ஆற்றில் போடுவதுதான்.

ஒரு விதிவிலக்கு: சிலோன் ரைபிள் ரெஜிமெண்ட் போன்ற 19ஆம் நூற்றாண்டுப் படைகள். அவை பிரித்தானியப் படையின் பகுதி, அவற்றின் ஆட்பதிவுகள் கியூவுக்குப் போயிருக்கின்றன, அந்த வாரிசுகளுக்கு மட்டும் லண்டன் முன்னுக்கு வரலாம்.

மற்றவர்களுக்கு லண்டன் கடைசியில் பெரிய கொடையாக மாறும் இடம் ஒன்று உண்டு. படைப்பிரிவு தெரிந்துவிட்டால் அதன் முதலாம் போர் நாட்குறிப்பைத் தேடலாம், கியூவில் டபிள்யூ.ஓ. 95 என்ற தொடரில், ஸ்கேன் செய்தவற்றை இறக்கிக்கொள்ளலாம். பூட்டனின் பெயர் அதில் வராது. ஆனால் எந்தத் தேதியில் எந்த ஆற்றைக் கடந்தார்கள், எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்த இரவில் மழை என்பதெல்லாம் இருக்கும். எங்கள் பூட்டன் பேசாமல் விட்டதை நான் அப்படித்தான் வாசித்தேன், பஸ்ராவின் வெயிலையும் சேற்றையும் அந்த ஆங்கிலேய அதிகாரியின் கையெழுத்தில் படித்தபோது, ஏன் அவர் பங்களாக் காவலுக்கு நின்ற குளிர் இரவுகளில் வெறும் மேலோடு இருப்பார் என்று வீட்டில் சொன்ன கதை வேறுவிதமாக விளங்கியது. ஆளைக் கண்டுபிடிப்பதற்கு லண்டன் உதவாது. கண்டுபிடித்த ஆள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள உதவும். அதனால்தான் கடைசி.

ஊர்

கையில் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு இருக்கிறது, லண்டன் ஆராய்ச்சியாளரா ஊர்ப் பயணமா என்றால் நான் யோசிக்காமல் ஊர் என்பேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் இருக்கிறது, பூட்டன் கால்நடையாகவும் தோணியிலும் வந்த வழி இன்றைக்கு ஒரு மணி நேரம்.

ஊர் எது என்று தெரியாதவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். கங்காணி ஆள் சேர்த்தது தன் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் தன் உறவுக்குள்ளும்தான். ஆகவே உங்கள் பூட்டனின் ஊர் மறந்துபோயிருந்தாலும் அதே பிரட்டில் (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில்) நின்ற இன்னொரு குடும்பத்துக்குத் தங்கள் ஊர் நினைவிருந்தால், பத்து மைல் வட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். அங்கிருந்து குலதெய்வம் வழிகாட்டும். தோட்டத்தில் முனியாண்டியையும் ரோதைமுனியையும் கும்பிட்டாலும், வீட்டுச்சாமி என்று ஒன்றைத் தனியாக வைத்திருப்போம், அந்தச் சாமியின் ஆதிக்கோவில் ஒரு குறிப்பிட்ட கிராமத்தில் இருக்கும், அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அவர்களில் ஒரு பெரியவருக்கு "சிலோனுக்குப் போன வகையறா" என்ற நினைவு இருக்கும், "பட்டாளத்துக்குப் போன வகையறா" என்ற நினைவு அதைவிட அழுத்தமாக இருக்கும், ஏனென்றால் பட்டாளத்துச் சம்பளத்தில் நிலம் வாங்கியிருப்பார்கள், அந்த நிலத்துக்கு இன்னும் யாரோ பட்டா வைத்திருப்பார்கள். ஊர் நிலம், பள்ளிக்கூடம், பழைய கட்டடம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் பொறித்த கல் சில ஊர்களில் சுவரில் பதித்திருக்கிறது. பெயர் இருக்காது. ஆனால் அந்த எண்ணுக்குள் அடங்கியவர்கள் யார் யார் என்று ஊரில் சொல்ல ஆள் கிடைப்பார்கள்.

சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். அங்கே மாவட்ட ஆவணங்கள் மலைபோல் இருக்கின்றன, ஊரும் ஆண்டும் தெரிந்துகொண்டு அனுமதி வாங்கி இன்னொரு முறை போகவேண்டிய இடம் அது.

போகும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண நாளில் போனால் கோவில் பூட்டியிருக்கும், ஊரில் பாதிப்பேர் திருப்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள். மாசி மாதம் சிவராத்திரிக்குத் தென்மாவட்டங்களில் குலதெய்வக் கோவிலுக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்து கூடுவார்கள், எங்கெங்கோ இருப்பவர்கள் அன்றைக்கு ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பதக்கத்தின் படம், பாஸ்போர்ட் பிரதி, கங்காணியின் பெயர், வீட்டில் தெரிந்த எல்லாப் பெயர்களும் எழுதிய ஒரு தாள், இவற்றை எடுத்துக்கொண்டு அன்றைக்குப் போய்ச் சேருங்கள், கோவில் வரி கொடுங்கள், பொங்கல் வைக்கும்வரை இருங்கள்.